பேரனுக்கும் பாட்டிக்கும் ஒரே நிழல்

தாம்பரத்திலும், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் முதலிய சுற்றுப்புறங்களிலும் எழும்பியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மகனும் மருமகளும் விடிந்ததும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் புறப்பட்டுவிட, பள்ளி விட்டு வரும் குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பல வீடுகளில் தாத்தா பாட்டியையே சேர்கிறது. அப்படியிருந்தும், அங்குள்ள பொதுவெளியைத் திட்டமிடுவோர் முதியோருக்கு ஒரு மூலையும் சிறுவர்களுக்கு எதிர்மூலையுமாகப் பிரித்துவிடுவது விவேகமான காரியமன்று என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மாலை நான்கு மணிக்குச் சென்று பார்த்தால் இதன் அசௌகரியம் விளங்கும். பகலெல்லாம் வெயில் குடித்த பேவர் பிளாக் தரையின் நடுவே சறுக்குமரம் நிழலின்றிக் காய்கிறது. சற்றுத் தொலைவில் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத கருங்கல் பெஞ்சு கிடக்கிறது. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அதில் உட்காருவதைக் காட்டிலும் எழுந்திருப்பதே பெரும் பிரயாசை. ஆகவே அவர் குழந்தையின் பின்னாலேயே நின்று கால் கடுத்து, அரைமணியில் அதை அழைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்.

இந்த மண்ணில் நிழல் வளராதா? 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரம் வளர்ப்பதில் காட்டிய சிரத்தையின் பலனை இன்றும் அவ்வளாகத்தில் அனுபவிக்கலாம். வேம்பு, புங்கு, மகிழம், பூவரசு ஆகியவை நம் சீதோஷ்ணத்துக்குப் பழகியவை. ஆயினும் வாகன நிறுத்தத்தின் கூரைமேல் கொட்டிய இரண்டடி மண்ணில் பெருமரம் வேரூன்றாது. வளாகத்தில் ஒரு பகுதியையாவது தோண்டாமல், கல் பதிக்காமல் விட்டுவைக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் தத்தளித்ததைக் கண்ட நமக்கு, மழைநீர் இறங்கும் மண்ணின் அருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை நீங்கலாகப் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானமாக ஒப்படைக்கச் சொல்கின்றன. விஸ்தீரணத்தை நிர்ணயித்தால் மட்டும் போதாது; வளாகத்துக்குள் அமையும் பொதுவெளியில் நிழலும் இருக்கையும் எங்ஙனம் அமையும் என்பதையும் அனுமதி வழங்கும் அதிகாரிகள் பரிசீலிக்க வேண்டும்.

சிறுவர்களின் கூச்சல் தங்களுக்கு உபத்திரவம் என்று சொல்லும் முதியோரும் உண்டு; அவர்களுக்கெனத் தனியே ஓர் அமைதியான இருக்கை அமைப்பது நியாயமே. சருகு பெருக்குவது சிரமம் என்பதோ நிழலை மறுக்கப் போதிய காரணமாகாது.

குடியிருப்போர் சங்கங்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: நீச்சல்குளத்தின் பராமரிப்புக்கும் நுழைவாயிலின் அலங்காரத்துக்கும் பணம் ஒதுக்குமுன், ஊஞ்சலை ஒட்டிச் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நான்கு பெஞ்சுகளைப் போடுங்கள், அங்கு செல்லும் வழியில் படிக்குப் பதிலாக, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமுள்ள சாய்தளம் அமையுங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவற்றின் மேற்குப்புறத்தில் புங்கங்கன்றுகளை நட்டுவிடுங்கள்.