ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி பொய்யா?

"ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெறும் மனப்பிரமை." கணவரைப் பறிகொடுத்த பெண், கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போனவள், ஓய்வுபெற்ற மறுமாதமே நெஞ்செரிச்சலோடு அலைகிறவர் என இந்தத் தீர்ப்பைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். டாக்டர் பாதி சொல்வார், மீதியை வீட்டார் சேர்த்துக்கொள்வார்கள்: "சும்மா உட்கார்ந்திருந்தா அப்படித்தான் தோணும். வேலையைப் பாரு, சரியாயிடும்." இது தவறு. ஏற்கெனவே நொந்திருப்பவரைப் பொய்யராக்கும் கொடுமையும்கூட.

மன அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1995-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு, மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அந்தச் சுமை இல்லாத, ஏறத்தாழ அதே வயதுள்ள 13 பெண்களையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பராமரிப்பில் இருந்த பெண்களுக்கு அது ஆற சுமார் 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. தோலுக்குப் பிரமை பிடிக்குமா? வேலையில் மூழ்கினால் சரியாகிவிடும் என்கிறார்களே, அந்தப் பெண்களுக்கு வேலைக்கா பஞ்சம்?

ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்த டகோட்சுபோ இதயநோயைப் பாருங்கள். பெருந்துக்கமோ அதிர்ச்சியோ தாக்கியதும் இதயத்தின் இடது கீழறை திடீரென வலுவிழந்து உப்பிவிடுகிறது. மாரடைப்பு போலவே வலி, ஆனால் ஆஞ்சியோகிராமில் அதற்கான அடைப்பு இராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகிறார்கள், சிலர் இறந்தும் போகிறார்கள். ஆகவே நெஞ்சுவலி என்றால் துக்கத்தில் வந்ததென்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"நல்லதுதானே நடந்திருக்கு, உனக்கென்ன குறை?" என்று கேட்பவர்களும் உண்டு. 1967-ல் மனநல மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐ வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுத்தார்கள். துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45. மகிழ்ச்சியான மாற்றத்துக்கும் உடம்பு விலை கொடுக்கிறது. சில சமயம் அந்த விலை முடி கொட்டுவதாக வரும்; அது இரண்டு மூன்று மாதம் கழித்தே தொடங்குவதால், காரணம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவை இல்லையென்றாலும் சிகிச்சை முடிந்துவிடவில்லை. குறித்த நேரத்தில் படுத்து எழுவது, தினமும் நடப்பது, வேளைக்குச் சாப்பிடுவது, நம்பிக்கையானவரிடம் மனம்விட்டுப் பேசுவது எல்லாமே மருத்துவம்தான். இரண்டு வாரமாகியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லையா? அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸை அழைத்து, 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்: அறிவுரையை நிறுத்திவிட்டு, அவர் சுமக்கும் வேலைகளில் ஒன்றை இன்றே உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.