வண்டிக்கு வயசாகல, ரப்பருக்குத்தான் ஆச்சு

போன தடவை சின்ன வெங்காயத்தைப் பத்தி எழுதினேன். இன்னிக்கு கொஞ்சம் கோபமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

எங்க களத்தோரம் புளியமரத்தடியில ஒரு அம்பாசடர் நிக்கறது பழைய ஆளுங்களுக்குத் தெரியும். 1984 மாடல், பெட்ரோல் வண்டி. 1991ல எங்க ஐயன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஊருக்குள்ள ஆம்புலன்ஸ் வராத காலத்துல பிரசவ வலி எடுத்தவங்களை ராத்திரியோட ராத்திரியா தாராபுரத்துக்குக் கொண்டு போன வண்டி.

ஆறு மாசமா அது ஆட ஆரம்பிச்சுது. ஸ்டார்ட் பண்ணி சும்மா நிறுத்தினா கண்ணாடி நடுங்கும், கதவு கடகடங்கும். கிளட்ச்சை விட்டா முன்னாடி டொக்குனு ஒரு அடி. ஸ்டீயரிங் கியர் வண்டிங்களா, ரிவர்ஸ் போடறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும்.

டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். பானெட்டைக்கூட தூக்கல. சத்தத்தைக் கேட்டுட்டு, "இன்ஜினை இறக்கி வேலை பாக்கணும்ங்ணா, 18,000 ஆகும். வண்டிக்கு வயசாயிடுச்சு, பேசாம குடுத்துடுங்க"ன்னாங்க. அடுத்த வாரமே பழைய இரும்புக்காரர் ஒருத்தர் வந்து கிலோ கணக்குல விலை பேசறார். அடிமாட்டு விலை. என் பையனும், "அவங்க சொல்றது சரிதான்ப்பா, இதுக்கு மேல காசு போடாதீங்க"ன்னு சொல்லிட்டான். அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

நான் ஒண்ணு கேக்கறேன். கிணத்து மோட்டார் சத்தம் போட்டா என்ன பண்றோம்? பேரிங் போச்சா, கப்ளிங் ஆடுதான்னு பாக்கறோம். கிணத்தையா மூடறோம்? காருன்னு வந்தா மட்டும் ஏன் முதல் வார்த்தையே 'வயசாயிடுச்சு'?

மறுநாள் நானே பானெட்டைத் தூக்கினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வெச்சு, பையனை உக்கார வெச்சு, கியரைப் போட்டு கிளட்ச்சை லேசா விடச் சொன்னேன். வண்டிக்கு முன்னாடி நிக்காம பக்கவாட்டுல நின்னு பாத்தேன். இன்ஜின் ஒரு பக்கமா எம்பிக் குதிக்குது! நோய் அங்கயே தெரிஞ்சு போச்சு. இன்ஜின் மவுண்டிங்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். இன்ஜின் நேரா இரும்பு மேல உக்காரறதில்ல. இந்த வண்டியில முன்னாடி ரெண்டு பக்கமும், பின்னாடி கியர் பாக்ஸுக்கு அடியிலயும் இரும்புத் தகட்டோட ஒட்டின ரப்பர் கட்டை இருக்கும். இன்ஜின் ஆட்டத்தை அதுதான் வாங்கிக்கும். வருஷம் போகப் போக ரப்பர் வெடிச்சுடும். அதுல ஆயில் ஒழுகினா ஊறி உப்பி களி மாதிரி ஆயிடும். எனக்கு டேப்பட் கவர் கேஸ்கட்ல இருந்து ஒழுகியிருக்கு. அதை முதல்ல அடைச்சேன். இல்லாட்டி புது ரப்பரும் அதே கதிதான்.

கோயம்புத்தூர் ஸ்பேர் கடையில மூணு மவுண்டிங்கும் ரூ.2,000க்குள்ள முடிஞ்சுது. முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டு ஊற வெச்சேன். இந்த வண்டிக்கு இன்ச் ஸ்பேனர்தான் சரி. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டா வழுக்கி போல்ட் தலை உருண்டுடும். காலையில பேட்டரி வயரைக் கழட்டினேன். வண்டியை ஸ்டாண்டு மேல நிறுத்தி, ஆயில் சம்ப்புக்கு அடியில பலகை வெச்சு ஜாக்கி குடுத்தேன். பலகை இல்லாம வெச்சா சம்ப் நசுங்கிடும். ரொம்பத் தூக்கவும் கூடாது. ஃபேன் ரேடியேட்டரைக் குத்திடும், ஹோஸ் இழுபடும். பாரம் குறைஞ்சா போதும். ஒரு பக்கம் கழட்டி மாட்டிட்டுத்தான் அடுத்த பக்கம். மூணும் உக்காந்தப்புறம்தான் போல்ட்டை முழுசா இறுக்கணும். இன்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டையையும் சுத்தம் பண்ணி மாட்டினேன். ரப்பர் மேல உக்காந்த இன்ஜினுக்கு அதுதானே கரண்ட் திரும்பற வழி.

மதியச் சோத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு, மாடு பிடிச்சுக் கட்டற நேரத்துக்கு முடிஞ்சுது. சாவியைத் திருப்பினேன். கண்ணாடி நடுங்கல. ரிவர்ஸ் ஒரே தட்டுல விழுந்துது.

இப்ப சொல்லுங்க, வயசானது எது?

மெக்கானிக்குங்க எல்லாரையும் குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க. பிரேக்கு, ஸ்டீயரிங் வேலைக்கு இன்னிக்கும் நான் தெரிஞ்சவங்ககிட்டத்தான் போறேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில படுக்காதீங்க, உயிர் போயிடும். பழசு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னும் சொல்லல. புகை கக்கற வண்டி, சேஸிஸ் துருப்பிடிச்ச வண்டி ரோட்டுல வரக் கூடாது. ஆனா அதைப் பரிசோதிச்சுப் பாத்துச் சொல்லுங்க. வருஷத்தை எண்ணிச் சொல்லாதீங்க.

சர்க்காரும் வருஷத்தைத்தானே எண்ணுது! 15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணத்தை, 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினாங்க. நல்லா வெச்சிருக்கறவனுக்கும் அதே கட்டணம், நாசம் பண்ணினவனுக்கும் அதே கட்டணம். சோதனையில தேறின வண்டிக்கு எதுக்குங்க வயசுக்குத் தண்டம்?

எனக்குப் பெரிய வருத்தம் காசுல இல்ல. உழுத கலப்பையை நாமே சீர் பண்ணினோம், ஆயில் இன்ஜினை நாமே பிரிச்சு மாட்டினோம். அந்தக் கை இன்னிக்கு ஸ்பேனரைத் தொடவே கூசுது. 'நமக்கெதுக்கு'ன்னு விட்டதனாலதான், பானெட்டைத் தூக்காமலே ஒருத்தர் நமக்கு விலை சொல்ல முடியுது.

என் பையன் அன்னிக்கு டார்ச் பிடிக்கத்தான் வந்தான். மூணாவது மவுண்டிங்கை அவனே மாட்டினான். அந்த வெடிச்ச ரப்பரை நான் தூக்கிப் போடல; திண்ணையில வெச்சிருக்கேன்.

இனிமே யாராவது உங்க வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னா, எந்தப் பாகத்துக்குன்னு திருப்பிக் கேளுங்க.