யூபிஎஸ் இருக்கு சரி, எதிர்வீட்டுல யார் இருக்காங்க?

வீட்டுக்கு யூபிஎஸ் வாங்கிப் போட்டாச்சு, இனிமே கரண்ட் போனா நமக்கென்னனு நெஞ்சை நிமிர்த்திட்டுத் திரியற ஆளா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான். கொஞ்சம் கோவமாத்தான் இருக்கும். பொறுத்துக்கங்க. அந்தக் கோவத்துல பாதி என் மேலயே.

பொட்டி தட்டிப் பிழைக்கப் பண்ருட்டியில இருந்து பெங்களூர் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. கடைசி ஏழு வருஷமா ஜாகை மர்பி டவுன். அல்சூர் பக்கம். பழைய தண்டுப் பகுதி, தலைமுறை தலைமுறையா தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற இடம். சந்தையில தமிழ்லயே பேரம் பேசலாம். ஏரிக்கரைத் திருவள்ளுவரை நடந்து போயே பாத்துட்டு வரலாம். "வெளியூர்ல இருக்கோம்கிற நினைப்பே வராது"னு ஊருக்குப் போறப்ப எல்லாம் பீத்திக்குவேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு மே மாசம். சாயங்காலம் ஆலங்கட்டி மழை. ஏழரை மணிக்கு எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போச்சு. நமக்கென்ன, யூபிஎஸ் இருக்கே. ரெண்டு ஃபேன், நாலு லைட்டு, டிவி, வைஃபைனு எல்லாம் ஜம்முனு ஓடுச்சு. ஐபிஎல் மேட்ச் வேற. தெருவே இருட்டுல கிடக்க, எங்க வீட்டு ஜன்னல் மட்டும் சினிமாக் கொட்டாய் மாதிரி ஜொலிச்சுது. பதினொன்றரை மணிக்கு யூபிஎஸ் கீச்சுக்கீச்சுனு கத்திட்டு உயிரை விட்டுச்சு. தூங்கிட்டோம்.

ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டுறாங்க. எதிர்வீட்டு ஆயாவோட பேரன். ஆட்டோ ஓட்டுற பையன்.

"அண்ணா, உங்க வீட்ல யூபிஎஸ் ஓடுச்சில்ல? ஆயாவோட மூச்சு மெஷினை ஒரு மணி நேரம் மாட்டிக்கலாமா? ஆயாவுக்கு முடியல."

என்கிட்ட இருந்தது செத்த பேட்டரி.

ஆயாவை ஆட்டோவுல படுக்க வெச்சு, மரம் விழுந்த தெருவை எல்லாம் சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆச்சு. பிழைச்சிடுச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். நான் பேரன்கிட்ட, "தம்பி, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"னு கேட்டேன். "நீங்க யார்கூடவும் பேச மாட்டீங்களேண்ணா, தொந்தரவு பண்ண வேணாம்னு..."னு இழுத்தான்.

எதிர்வீட்டுல நாலு வருஷம் குடியிருந்திருக்கேன். அங்க ஒருத்தர் மெஷின் வெச்சு மூச்சு விடறது எனக்குத் தெரியாது. வெளியூர்ல இருக்கிற நினைப்பே வராதாம்!

சரி, அன்னிக்குக் கணக்கைப் பாப்போம். 150 ஏஹெச் பேட்டரி, 12 வோல்ட்டு. பெருக்கினா 1800 வாட் ஹவர். இது காகிதக் கணக்கு. பேட்டரிக்கு வயசாகும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குத் தின்னும், கடைசிச் சொட்டு வரைக்கும் உறியவும் முடியாது. கைக்கு 1000, 1200 வந்தா பெரிசு. 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் சுமாரா 350 வாட் இழுக்கும். அதாவது மூணு மணி நேரம். நான் மேட்ச் பாக்காம இருந்திருந்தாலும் மூணு மணி நேரம்தான். ஆனா அந்த மூணு மணி நேரத்துல ஒரு சிலிண்டர் வந்து சேர்ந்திருக்கும். பி டைப் சிலிண்டர்ல 1500 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா பன்னண்டு மணி நேரம். விடிஞ்சிருக்கும்.

ஆக, குறை பேட்டரியில மட்டும் இல்ல. யாருக்கு என்ன தேவைனு எனக்குத் தெரியாததுலதான் பெரிய குறை.

இனி நம்மாளுங்க சொல்ற சால்ஜாப்புகளுக்கு வரேன். இதை எல்லாம் நானும் சொன்னவன்தான்.

முதல் சால்ஜாப்பு: "பெங்களூர்ல என்னங்க வரும்? கடலா, புயலா?"

கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் உசரத்துல இருக்கோம்னு ஒரு தெனாவெட்டு. 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோடு பக்கம் கோடீஸ்வரன் எல்லாம் டிராக்டர்ல ஏறி ஆபீஸ் போனதைப் பாத்து நாம சிரிச்சோம். அதே மழையில இன்னொண்ணும் நடந்துச்சு. மண்டியா மாவட்டம் டி.கே.ஹள்ளியில காவிரித் தண்ணியை ஏத்தி அனுப்பற பம்ப் ஹவுசுக்குள்ள வெள்ளம் பூந்துடுச்சு. தெருவுல ஒரு சொட்டு தேங்காத ஏரியாவுல கூட குழாயில தண்ணி வரலை. இந்த ஊர் குடிக்கிற காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, அரை கிலோமீட்டர் உசரம் ஏறி வருது. ஏத்தறது எல்லாம் மோட்டார். எங்கேயோ கரண்ட் போனா இங்க தண்ணி போச்சு. இதைப் புரிஞ்சுக்கப் புயல் வரணும்னு இல்ல.

ரெண்டாவது: "எங்க அபார்ட்மெண்ட்ல ஜெனரேட்டர் இருக்கு."

எங்க இருக்கு? பேஸ்மெண்ட்லயா? டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கு? யார் போய் வாங்கிட்டு வருவாங்க? 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்தப்ப அடையாத்தங்கரை ஆஸ்பத்திரி ஒண்ணுல ஜெனரேட்டர் வெள்ளத்துல மாட்டி, கரண்ட் இல்லாத நேரத்துல ஐசியூ நோயாளிங்க 18 பேர் இறந்துபோனதா செய்தி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதின்னா உங்க அசோசியேஷன் எம்மாத்திரம்? அதே வெள்ளத்துல செல்போன் டவர் படுத்துச்சு, ஏடிஎம் படுத்துச்சு. பேங்க்ல லட்சம் இருந்தவன் பால் பாக்கெட் வாங்கக் காசில்லாம நின்னான். இன்னிக்கு நாம பத்து ரூபா கொத்தமல்லிக்கும் போனைத்தான் நீட்டுறோம்.

மூணாவதுதான் நம்ம ஸ்பெஷல்: "ஏதாச்சும் ஆனா ஊருக்குக் கிளம்பிடலாம்."

ஊரைவிட்டு வந்த தமிழன் எல்லாருக்கும் மனசுக்குள்ள ஒரு பஸ் எப்பவும் நின்னுட்டே இருக்கு. ஏறி உக்காந்தா விடியறதுக்குள்ள அம்மா கையால காபி. 2016 செப்டம்பர் 12 மறந்துட்டீங்களா? காவிரிப் பிரச்சினையில டிஎன் நம்பர் பிளேட் வண்டிங்களைத் தேடித் தேடிக் கொளுத்தினாங்க. ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல பஸ் நின்னுபோச்சு. 144, அப்புறம் பல இடத்துல ஊரடங்கு. அந்த ராத்திரி எங்க வீட்ல இருந்தது ஒரு பாக்கெட் மேகி, அரை கேன் தண்ணி. 2020 மார்ச்சைச் சொல்லவே வேணாம். கிளம்பணும்னு தோணுற அன்னிக்குத்தான் வழி அடைச்சிருக்கும்.

அதோட, ஊர்ல என்ன வாழுது? 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரை ஏறிச்சு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. நான் இங்க உக்காந்து நாலு நாள் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். லைனே போகலை. பஸ் மாறி மாறிப் போய் இறங்கினா, எங்க வீட்டு வாசல்ல நாப்பது குடம் வரிசையில நிக்குது.

கொல்லையில இருந்த அடி பம்பு!

ரெண்டு வருஷம் முன்னாடி போர் போட்டு மோட்டார் வெச்சப்ப, "இன்னும் எதுக்குப்பா இந்தத் துருப்பிடிச்ச சனியன், பிடுங்கிப் போட்டுடலாம்"னு சொன்னவன் நான். அப்பா பதிலே சொல்லலை. வருஷா வருஷம் வாஷரை மட்டும் மாத்திட்டு இருந்தாரு. தெருவுல எல்லா வீட்லயும் மோட்டார், எந்த வீட்லயும் தண்ணி இல்ல. வேன்ல ஜெனரேட்டரை ஏத்திட்டு வந்து டேங்க்கை ரொப்ப இவ்வளவுனு வசூல் பண்ணாங்க. காசு இல்லாதவங்க எல்லாம் எங்க கொல்லைக்கு வந்தாங்க. அப்பா நாற்காலியைப் போட்டு உக்காந்து வரிசையை ஒழுங்கு பண்ணிட்டிருந்தாரு. கரண்ட் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

2018 நவம்பர் 16 கஜா வந்தப்ப டெல்டாவுல விழுந்த மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. அப்பவும் வாரக்கணக்குல இருட்டு, அப்பவும் ஜெனரேட்டர் வாடகை. ஊர்ல இவ்வளவு பட்டுட்டு, இங்க வந்ததும் எல்லாத்தையும் மறந்துட்டு ஸ்விட்சை நம்பி உக்காந்திருக்கோம்.

இதுல இன்னொரு கூத்து. அமெரிக்காக்காரன் போடற பட்டியலைப் பாத்து டின் உணவு, பையில விசில், எமர்ஜென்சி போர்வைனு ஆர்டர் போடறது. சாப்பாட்டுக்கு நமக்குப் பட்டியலே வேணாங்க. அவல், பொரிகடலை, சத்துமாவு, புளிக்காய்ச்சல், ஊறுகாய்... நம்ம அம்மாங்க கட்டிக் கொடுத்தனுப்புற மூட்டையே ஒரு வாரம் தாங்கும். நமக்கு இல்லாதது வேற. அந்த ராத்திரிக்கு அப்புறம் நானும் தங்கமணியும் உக்காந்து எழுதினது இதுதான்:

1. தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூணு நாளைக்கு. எங்க நாலு பேருக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூணு. இதைத் தவிர, சம்ப்புல ஆயிரக்கணக்கான லிட்டர் கிடக்கும், மோட்டார் ஓடாம மேல சொட்டு வராது. ஒரு கயிறு, ஒரு வாளி வாங்கி மாட்டிட்டோம். சம்ப்புக்குள்ள மட்டும் யாரும் இறங்கக் கூடாது. காத்து இருக்காது.

2. பேட்டரி. கரண்ட் போன உடனே டிவியையும் வீணா எரியற லைட்டையும் அணைக்கறது. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். ரெண்டை மாத்தினோம். டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறது.

3. மருந்து. பத்து நாளுக்கு எப்பவும் கையிருப்பு. இன்சுலின் போடறவங்க டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கங்க. பொதுவா, பிரிச்ச மருந்து ஃபிரிட்ஜ் இல்லாமலும் 30 டிகிரிக்குக் கீழ நாலு வாரம் வரைக்கும் தாங்கும். வெயில் காலத்துல ஈர மணல் போட்ட மண்பானை போதும். ஐஸ்ல மட்டும் புதைக்காதீங்க, உறைஞ்சா கெட்டுப்போகும்.

4. ஃபிரிட்ஜ். திறக்காம இருந்தா நாலு மணி நேரம் குளிர்ச்சி நிக்கும். "பால் கெட்டுடுச்சா"னு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா திறந்து பாக்கற வேலை வேணாம். (தங்கமணி, இது உனக்கில்ல :-))

5. காகிதம், காசு. பத்து ஃபோன் நம்பர் எழுதி அலமாரிக் கதவுல. 112, 108, கரண்டுக்கு 1912. சின்ன நோட்டா ரெண்டாயிரம் ரூபா, அரிசி டப்பாவுல.

6. தெரு. இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். எங்க தெருவுல எட்டு வீடு சேர்ந்து ஒரு தாள் வெச்சிருக்கோம். எந்த வீட்ல வயசானவங்க, எந்த வீட்ல கைக்குழந்தை, யாருக்கு என்ன மருந்து, யார்கிட்ட வண்டி, யார்கிட்ட கேஸ் அடுப்பு ரெண்டாவது சிலிண்டர். ஆயாவுக்குன்னு ஒரு பி டைப் சிலிண்டர், ரெகுலேட்டரோட, ரொப்பி நிக்குது. டாக்டர்கிட்ட அளவு கேட்டு, பேரனுக்கும் எனக்கும் மாட்டத் தெரியும்.

ஆறாவதுக்குப் பைசா செலவு கம்மி. ஆனா நம்மள்ல பாதிப் பேர் முதல் அஞ்சோட நிறுத்திடுவோம். ஏன்னா அஞ்சும் கடையில கிடைக்கும். ஆறாவதுக்குப் போய்க் கதவைத் தட்டணும், "நான் எதிர்வீடு"னு சொல்லணும். வந்த ஊர்ல எதுக்கு வம்புனு ஒதுங்கி ஒதுங்கியே இருந்து பழகிட்டோம். ஊர்ல இருந்தா அடுத்த வீட்டுக் குழம்பு என்னன்னு தெரியும். இங்க அடுத்த வீட்டுல மூச்சு நிக்கறது தெரியலை. இதை எந்தப் பேட்டரி கம்பெனியும் சரி பண்ணித் தராது.

அப்பா இப்ப இல்ல. அடி பம்பு இருக்கு. போன பொங்கலுக்குப் போனப்ப வாஷர் மாத்திட்டு வந்தேன்.

ஆயாகிட்ட மேட்ச் பாத்த கதையையும் ஒருநாள் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியலை. ரொம்ப நேரம் சிரிச்சுது. இப்ப எல்லாம் கரண்ட் போன உடனே எதிர்த் திண்ணையில இருந்து குரல் வரும்:

"ஏன்பா, இன்னிக்கு மேட்ச் இருக்குதா?"

டிஸ்கி: சின்ன ஜெனரேட்டர் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. வீட்டுக்குள்ளயோ, பால்கனியிலயோ, மூடின கார் ஷெட்லயோ ஓட்டவே கூடாது. கரி அடுப்புக்கும் இதேதான். 2021 பிப்ரவரி குளிர்ல டெக்சாஸ்ல கரண்ட் போனப்ப, வீட்டுக்குள்ள ஜெனரேட்டரையும் காரையும் ஓட விட்டுக் கார்பன் மோனாக்சைடுல செத்தவங்க உண்டு. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கினவங்க தூங்கினபடியே போயிடுவாங்க.