கோடையும் ஆய்வுக்கூடமும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் உலாவும் முதியோர், தாம் இளமையில் விளையாடிய மணற்பரப்பைப் பற்றி இன்றும் பேசுவர். அம்மணல் எங்கே போயிற்று? இவ்வினாவிற்கு விடை கூறுவது புவியறிவியல்.

நம் கரையோரத்தில் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதனை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கற்சுவர்கள் கடலுள் எழுப்பப்பட்டன. மணலின் வழி அடைபட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை தேய்ந்தது. தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கில் சேர்க்கும் ஏற்பாடும் முறையாக நடைபெறவில்லை. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. ஆயினும் மணல் மீளவில்லை. பின்னர்த் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலை ஆராய்ந்து, 2018-19-ஆம் ஆண்டுகளில் தலைமைச் செயலகத்திற்கு அருகே கடலடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தனர். அதன்பின் அங்கே மீண்டும் மணற்கரை தோன்றக் கண்டு ஊரார் மகிழ்ந்தனர்.

இதனால் நாம் அறிவது யாது? நிலத்தையும் நீரையும் பற்றிய அறிவு அறிஞர் சிலரிடம் மட்டும் இருத்தல் போதாது. ஊரில் பலரிடமும் பரவுதல் வேண்டும். அதற்குச் சிறந்த வழி, மாணவர்கள் கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடங்களில் பயில்வதே ஆகும்.

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றுகூடி, கல்லூரி மாணவர்க்கு இரண்டு திங்கள் கோடை ஆய்வுப் பயிற்சி அளித்து வருகின்றன. உதவித்தொகையும் உண்டு. புவியறிவியலும் அப்பயிற்சிக்குரிய துறைகளுள் ஒன்று. புதுச்சேரியிலேயே பல்கலைக்கழகத்தில் புவியறிவியல் துறை உள்ளது. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பழஞ்சேற்றில் அழியாது கிடக்கும் மகரந்தத் துகள்களைக் கொண்டு பண்டைக் காடுகளை அறியும் கலை வளர்ந்தது.

“இரண்டு திங்களில் இளைஞர் எதனைக் கண்டுபிடிப்பர்?” என்று சிலர் வினவுவர். புதிதாக ஒன்றும் கண்டுபிடியாமல் போகலாம். ஆனால், மணலைச் சல்லடைகளில் சலித்து நிறுத்துப் பார்க்கும் மாணவன், இருமுறை நிறுத்தும் அளவு ஒவ்வாதபோது மூன்றாம் முறையும் நிறுக்கக் கற்கின்றான். தன் பிழையை மறையாது குறிப்பேட்டில் எழுதக் கற்கின்றான். இப்பழக்கம் எந்நூலும் தர இயலாத செல்வம் அன்றோ?

மற்றொரு தடை உண்டு. அது மெய்யான தடை. வறிய வீட்டு மாணவர்க்குக் கோடை ஓய்வுக்காலம் அன்று; கூலி தேடும் காலம். உதவித்தொகை இல்லாத பயிற்சி, வசதியுடையோர்க்கே பயன்படும். ஆதலின், ஆய்வுக்கூடந்தோறும் உள்ளூர் மாணவர் சிலர்க்கேனும் இடமும் உதவித்தொகையும் ஒதுக்குதல் வேண்டும். மதிப்பெண் ஒன்றையே நோக்காது, ஆர்வத்தையும் நோக்குதல் வேண்டும்.

கடலோரக் குப்பத்தில் பிறந்த மாணவி, நீரோட்டம் திரும்புவதைத் தந்தையின் வாய்ச்சொல்லால் முன்னரே அறிந்தவள். அவள் கையில் அளவுகோலும் குறிப்பேடும் சேருமாயின், நாளைக் கரையைக் காக்கும் அறிஞருள் அவளும் ஒருத்தி ஆவாள். அவளுக்குக் கதவைத் திறந்து வைப்பது நம் கடமை.