மாமியார் நோட்டுக்கு ஒரு வலைத்தளம்



எங்கள் சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பித்தால், 28 நாளைக்கு மாரியம்மனுக்குப் பச்சைப் பட்டினி விரதம். தளிகை கிடையாது. துள்ளுமாவு, பானகம், இளநீர்தான். அந்தத் துள்ளுமாவை என் மாமியார் செய்கிற பக்குவமே தனி. அதுமுதல் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துக் குழம்பு வரை எல்லாவற்றையும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

2003-ல் புது மருமகளான நான், திருச்சியில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து 40 பக்கம் டைப் அடித்து சி.டி.யில் பதிந்தேன். அந்த தைரியத்தில் நோட்டைப் பரணில் போட்டேன். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மாமியாரும் போய்விட்டார். போன மாதம் சி.டி.யைப் போட்டுப் பார்த்தால் ஒரு வரி புரியவில்லை. எல்லாம் கிறுக்கல். அழுதே விட்டேன்.

கம்ப்யூட்டர் படிக்கும் என் அண்ணன் மகன்தான் விளக்கினான். அந்த நாளில் தமிழ் எழுத்துருக்களுக்குப் பலவிதக் குறிமுறைகளாம். உரிய எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத்தான் தெரியுமாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களே முதலில் டிஸ்கி முறையில் இருந்து, பிறகு யூனிகோடுக்கு மாறியவைதானாம். எழுத்துருவைத் தேடிப் பிடித்து 37 பக்கத்தை மீட்டுக் கொடுத்தான்.

"அத்தை, இதை வலைத்தளமா போட்டுடலாம். ரியாக்ட், நோட், மாங்கோ டிபி…" என்று அடுக்கினான்.

"ஏன் தம்பி, நாலு பேர் சமையலுக்குக் கல்யாண அண்டாவா? நீ வேலைக்கு வெளியூர் போயிட்டா, நான் ஒரு வரி திருத்த முடியுமா? பத்து வருஷம் கழிச்சுத் திறக்குமா?" என்றேன்.

யோசித்துவிட்டு வேர்ட்பிரஸ் சொன்னான். வாரா வாரம் எழுதுகிறவர்களுக்கு அது சௌகரியம்தான். ஆனால் உள்ளே பி.எச்.பி.யும் தரவுத்தளமும் ஓட வேண்டும். அதையும் கூடச் சேர்க்கும் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் விஷமிகள் புகுந்துவிடுவார்கள். என் சமையல் குறிப்போ மாறவே போவதில்லை!

கடைசியில் வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்கள், அழகுக்குக் கொஞ்சம் சி.எஸ்.எஸ்., எழுத்து யூனிகோடு என்று முடிவு செய்தோம். டிம் பெர்னர்ஸ் லீ 1991-ல் வெளியிட்ட உலகின் முதல் வலைப்பக்கமும் இந்த ரகம்தான். அதன் பிரதி இன்றைய செல்போனிலும் திறக்கிறது. அவனே திறந்து காட்டிவிட்டு, "ஜெயிச்சுட்டீங்க அத்தை" என்று சிரித்தான். திருத்துவதை இரண்டே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டேன்.

அப்பளம், வடாம் விற்றுப் பணம் வாங்குவதாக இருந்தால் கதை வேறு. அதற்குத் தரவுத்தளமும் பாதுகாப்பும் அவசியம். தேவையை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு கருவியைத் தேர்ந்தெடுங்கள். தளத்தின் பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி கட்டாயம்.

துள்ளுமாவு முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. சி.டி. கீறலில் போன மூன்று பக்கத்தில்தான் மருந்துக் குழம்பு இருந்தது. நாத்தனாரிடமும் தெருப் பெரியவர்களிடமும் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் நோட்டு இருந்தால், எழுதியவர் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.