ஒன்பது நாள் தாமதம்



போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். நம் பத்திரிகையின் பழைய சந்தாதாரரான மளிகைக்கடை அண்ணாச்சி கைதட்டிக் கூப்பிட்டார். மிளகாய் மூட்டைக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்றார். அவருடைய சின்ன சந்தேகம் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கரமனையில் அவருக்கு ஒரு வீடு. மாடிக்கு ஒரு மதாம்மா குடிவந்திருக்கிறார். (இந்த ஊரில் வெளிநாட்டுப் பெண் எந்த நாட்டவரானாலும் மதாம்மாதான், ஆண் என்றால் சாயிப்பு.) களரி படிக்க வந்தவர். முதலில் கோவளத்தில் ஒரு விடுதியில் இருந்தாராம். விடிகாலை வகுப்புக்குக் கோட்டைக்கு வந்து சேரமுடியாமல் கரமனைக்கு மாறிவிட்டார். வாடகை ஒழுங்காக வருகிறது, சத்தம் இல்லை, படி வாசலில் கோலம்கூடப் போடப் பார்க்கிறார். எல்லாம் நன்றாக இருந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: "சி ஃபாரம் கொடுத்தீங்களா?"

"கோவளத்துலயே எழுதிட்டாங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லுது சார். பொறவு நாம என்னத்துக்கு எழுதணும்? போலீஸ் கீலீஸ்னு வாசல்ல வந்து நின்னா நாலு பேரு என்ன நினைப்பான்?"

இந்தக் கேள்வியை அண்ணாச்சி மட்டும் கேட்கவில்லை. நம் வாசகர்களில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் நிறைய. மாலத்தீவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் குமாரபுரம் பக்கம் குடும்பத்தோடு தங்குவது பல வருஷப் பழக்கம்; அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் காரியம் கைவந்தது. மற்ற பகுதிகளில் 'அது ஓட்டல்காரன் வேலை' என்றுதான் நினைப்பு. அது சரியில்லை. ஓட்டல், லாட்ஜ், சத்திரம், ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, தனி வீடு, எதுவானாலும் வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அந்தப் படிவம்தான் சி ஃபாரம். வாடகை வாங்கினாரா, சும்மா விட்டாரா என்பது கணக்கில்லை. அமெரிக்க பாஸ்போர்ட்டோடு பாட்டி வீட்டுக்கு வரும் பேரனும் இதில் சேர்த்திதான்.

கோவளத்து விடுதி எழுதியது கோவளத்து விடுதிக்கு. வீடு மாறினால் புது வீட்டுக்காரர் புதிதாக எழுத வேண்டும். இது வீட்டுக்காரர் பொறுப்பு. குடிவந்தவருக்குத் தனிப் பொறுப்பு ஒன்று இருக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் பொதுவாக 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்வார். அப்படிப் பதிந்தவர் முகவரி மாறினால் அதையும் அவரே தெரிவிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, அவர் செய்வார் என்று இவரும் இவர் செய்வார் என்று அவரும் இருந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. 2025 செப்டம்பர் 1 முதல் 1939, 1946 காலத்துப் பழைய சட்டங்கள் போய், குடியேற்றம் வெளிநாட்டவர் பற்றிய புதுச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் சாலையிலும் கோவளத்திலும் 'சி ஃபாரம்' என்ற பெயர் மாறவில்லை. மாறும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

எல்லாம் இப்போது ஆன்லைன்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்திருந்த நேரத்தில், ஜிஎஸ்டி பில் போடுகிற அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். கீபோர்டில் மல்லித்தூள் படிந்திருந்தது. பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்குள் வந்த நாள், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போவார் என்று வரிசையாகக் கேட்டது. மதாம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். குடிவந்த தேதி என்ற இடம் வந்ததும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"நேத்துன்னு போட்டுருவோமா சார்?"

குடிவந்து அன்றைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணாச்சி கடையில் அரைக் கிலோ உளுந்து கடன் போனாலும் அன்றைய தேதியில் பேரேட்டில் ஏறிவிடும். "பேரேட்டுல தேதி மாத்துவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். மனுஷன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் உள்ள தேதியையே போடச் சொன்னார். தாமதத்துக்கு யாராவது கேட்டால் தாமதம் என்று சொல்லலாம். பொய்த் தேதிக்கு என்ன சொல்வது? வாடகை ஒப்பந்தத்தில் ஒரு தேதி, இதில் ஒரு தேதி என்றால் அவதிப்படப்போவது அண்ணாச்சி மட்டுமல்ல, அந்தப் பெண்ணும்தான்.

நான் இதில் இவ்வளவு கறாராக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டவர், போலீஸ், தங்கும் காலம் என்ற பேச்சு சேர்ந்து வந்தால் இந்த ஊர்க்காரர்களுக்கு 1994 ஞாபகம் வரும். சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தம்பானூரில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார் மாலத்தீவுப் பெண் மரியம் ரஷீதா. சூரத்தில் பிளேக் பரவி, மாலத்தீவு விமானங்கள் நின்றுபோயின. தங்கும் நாளை நீட்டித்துத் தரச்சொல்லி அவரே போலீஸ் அலுவலகத்துக்குப் போனார். அக்டோபர் 20ஆம் தேதி, அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினார் என்று கைதானார். அங்கே தொடங்கியது இஸ்ரோ உளவு வழக்கு. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனை நவம்பர் 30 அன்று கைது செய்தார்கள். வழக்கில் ஆதாரமே இல்லை என்று 1996இல் சிபிஐ சொன்னது. 2018 செப்டம்பரில் நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். மரியம் ரஷீதாவும் அதே வழக்கில் கைதான ஃபௌசியா ஹசனும் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அந்த வருஷங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

தானாகத் தேடிப்போய்க் கேட்டவருக்கே இந்தக் கதி என்றால், ஜனங்கள் படிவத்தைக் கண்டு ஒதுங்குவதில் நியாயம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம் உண்டு. ஆனால் ஒதுங்கினால் குடியிருப்பவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது என்பதையும் யோசிக்க வேண்டும். அதனால் அன்றைக்கு நான் ஒன்று செய்யச் சொன்னேன். பதிவு செய்ததும் இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றை அண்ணாச்சி வைத்துக்கொண்டார். மற்றதை மதாம்மா பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படும் பாடும் இதுதான். அமெரிக்காவில் விசாவில் இருப்பவர் வீடு மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஜப்பானில் 14 நாளுக்குள் நகராட்சிக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் இரண்டு வாரம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டும் கேட்பார்கள். தாய்லாந்தில் நம்மைப் போலவே 24 மணி நேரம், அங்கும் வீட்டுக்காரர் தலையில்தான். முனிச்சில் வேலை பார்க்கும் ஒரு வாசகரின் மகன், அந்தச் சீட்டுக்காக வீட்டுக்காரர் பின்னால் பத்து நாள் அலைந்ததாக எழுதியிருந்தார். அவர் அப்பா கரமனையில் சி ஃபாரம் எழுதச் சோம்பல்படுகிறவர்களில் ஒருவர் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

முகவரி, பதிவு என்று இவ்வளவு பேசுகிற இந்தச் சாலைக் கடைத்தெருவோ, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது. வெளியிலிருந்து வந்தவர்களால் வளர்ந்தது. இங்கேயே கடை வைத்துக்கொண்டு இந்தத் தெருவையே கதைகளாக எழுதிய ஆ. மாதவனின் மனிதர்கள் பலருக்கு முகவரி என்று ஒன்று கிடையாது. கடைத் திண்ணைதான் வீடு. அண்ணாச்சியின் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வந்தபோது திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். அவரை யார் எங்கே எழுதிவைத்தார்கள் என்று கேட்டேன். "சரக்கைத்தான் எழுதினான், தாத்தாவை எவன் எழுதினான்" என்று சிரித்தார்.

போன வாரம் அண்ணாச்சி போன் செய்தார். மதாம்மா அடுத்த மாதம் கன்னியாகுமரி பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறாராம்.

"போற தேதியும் அதுல ஏத்தணும்லா சார்?"

ஏற்ற வேண்டும் என்றேன்.

"அன்னைக்குக் காலையிலயே ஏத்திப்புடுதேன். நீங்க வரவேண்டாம்."

அன்புடன்,
ஆசிரியர்