மலை வீட்டுக்கு எந்த பிரஷர் வாஷர்?

குன்னூரில் நவம்பர் மழை ஓய்ந்த ஒரு காலை. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் கல்படிகள் கருப்பும் பச்சையுமாக வழுவழுத்துக் கிடந்தன. என் மாமியார் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். போன வருடம் பிளீச்சிங் பவுடர் தூவி, ஈர்க்குமாற்றால் தேய்த்துக் கழுவிய அதே படிகள்தான். அன்று மாலையே வீட்டில் பேச்சு எழுந்தது: “ஒரு பிரஷர் வாஷர் வாங்கிவிடலாமா?”

மலையில் இது நியாயமான கேள்வி. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. மழை இல்லாத நாளில் மூடுபனி. வெயில் படாத சுவரிலும் படியிலும் பாசி பிடிக்கத்தான் செய்யும். பாசிப் படியில் வயதானவர் ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். ஆகவே இந்த மெஷினை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாங்கும் முறையில்தான் தவறு நடக்கிறது. கடைக்குப் போனதும் “எத்தனை பார்?” என்று கேட்கிறோம். பெரிய எண் போட்ட பெட்டியை எடுத்து வருகிறோம். நம் வீட்டில் எது பலவீனமோ அதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. சிலருக்கு அது சுவர், சிலருக்குத் தண்ணீர், சிலருக்கு பிளக் பாயின்ட்.

பெட்டியில் உள்ள எண்கள்

இந்த மெஷினை நாம் முதலில் பார்த்தது வாட்டர் சர்வீஸ் கடைகளில்தான். ஜெர்மனியின் கார்ஷர் நிறுவனம் 1950-இல் சுடுநீர் உயர் அழுத்தக் கருவியைச் செய்தது. வீட்டுக்காரர் கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சிறிய மெஷினை அதே நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரு மோட்டார், ஒரு பம்ப், ஒரு சிறு துளை.

பார் என்பது அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் தருவது ஏறத்தாழ 1 பார். மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க் குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் கிடைப்பது 0.3 பார். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். குன்னூரில் டேங்க்கை வைத்து, மேட்டுப்பாளையம் வரை அடைப்பில்லாத ஒரே பைப்பை இறக்கினால் அடிமுனையில் 150 பார் இருக்கும். பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1930களிலிருந்து டர்பைனைச் சுழற்றுவதும் மேலிருந்து இறங்கும் நீரின் இந்த அழுத்தம்தான். மெஷின் அதை உங்கள் வாசலில் செய்து தருகிறது. 100 பாரில் துளையை விட்டு வெளியே வரும் தண்ணீரின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இருக்கும். மெஷினின் பயனும் ஆபத்தும் இந்த வேகத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும்; பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் கழுவும் மெஷின்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். டிரம் சுற்றுகிறது, கேரட் ஒன்றோடொன்று உரசுகிறது, தாராளமான தண்ணீர் மண்ணைக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே பெரிய அழுத்தத்துக்கு வேலை இல்லை. செம்மண் அப்பிய ஜீப்பின் அடிப்பகுதிக்கும் அதே கணக்குதான். 150 பாரும் 4 லிட்டரும் தரும் மெஷினைவிட 100 பாரும் 6 லிட்டரும் தருவது சேற்றை நன்றாக விரட்டும்.

பெட்டியை நம்பலாமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. பாரையும் நிமிட லிட்டரையும் பெருக்கி 0.6 ஆல் வகுங்கள். வருவது, தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி, வாட் கணக்கில். 100 பார், 6 லிட்டர் என்றால் 1,000 வாட். மோட்டாரிலும் பம்பிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் 1,400 வாட் மெஷின் இதைத் தரும் என்று ஏற்கலாம். 1,800 வாட் பெட்டியில் 150 பார், 8 லிட்டர் என்று போட்டிருந்தால்? கணக்கு 2,000 வாட் வருகிறது. உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வர முடியாது. அதாவது அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. ‘அதிகபட்ச’ அழுத்தம் என்பது ஒரு கணம் எட்டிப் பார்ப்பது. வேலை நடப்பது ‘இயங்கு அழுத்தத்தில்’. கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

மோட்டாரில் இரண்டு வகை. கார்பன் பிரஷ் வைத்தது விலை குறைவு, எடை குறைவு, இரைச்சல் அதிகம். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுக்க வேண்டும். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், விலை அதிகம், சத்தம் குறைவு, உழைப்பு நீண்டது. வருடத்தில் நாலைந்து நாள் படி கழுவும் வீட்டுக்கு முதல் வகையே போதும். ஹோம்ஸ்டே நடத்துபவர், தினம் வண்டி கழுவும் எஸ்டேட் வீடு என்றால் இரண்டாவது வகை.

உயரமும் குளிரும்

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். பெட்ரோல் இன்ஜின் வைத்த வாஷர் இந்த மெல்லிய காற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கரண்டில் ஓடும் மெஷினுக்கு அந்த இழப்பு இல்லை. மலையில் மின்சார மெஷினை எடுக்க இது ஒரு நல்ல காரணம்.

அதே மெல்லிய காற்று இன்னொரு இடத்தில் வேலையைக் காட்டும். வாளியிலிருந்தோ தொட்டியிலிருந்தோ தண்ணீரை உறிஞ்சும் வசதி பல மெஷின்களில் உண்டு. உறிஞ்சுவது என்றால் வெளிக்காற்றுதான் தண்ணீரை பம்புக்குள் தள்ளுகிறது. காற்று குறைந்தால் தள்ளுவதும் குறையும். சமவெளியில் தடையின்றி உறிஞ்சிய மெஷின் இங்கே திணறலாம். தண்ணீர்ப் பாத்திரத்தை மெஷினுக்குச் சமமாக, முடிந்தால் ஒரு படி மேலே வையுங்கள்.

பிறகு உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் புல்வெளி வெள்ளையாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கிறிஸ்துமஸுக்கு முன் மெஷினை வெளியே ஷெட்டில் விட்டுவிட்டார். ஜனவரி கடைசியில் எடுத்து ஓட்டியபோது பம்பின் தலையில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல். அதன் வழியே தண்ணீர் விசிறி போல் சீறியது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பம்புக்குள் தேங்கிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி, சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டு, உள்ளே இருப்பதை வடித்து, வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

தண்ணீரும் பிளக்கும்

நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் அரை மணிக்கு 180 லிட்டர். சாதாரண ஓஸ் பைப்பில் கழுவுவதைவிட இது சிக்கனம். ஆனால் மார்ச், ஏப்ரலில் குடத்தோடு காத்திருக்கும் தெருக்களில் அந்த 180 லிட்டரும் பெரிது. ஆகவே படி கழுவும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் இடையில் வெயில் தலைகாட்டும் நாள்தான் சரி. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பாசியும் ஊறி இளகியிருக்கும். கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

வாங்கும் முன் ஒரு சோதனை: 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் மெஷினுக்குத் தண்ணீர் போதும். நிரம்பவில்லையா, உறிஞ்சும் வசதி உள்ளதையே வாங்குங்கள். தண்ணீர் குறைந்தால் பம்ப் காற்றைக் குடித்து சீல்கள் தேயும். மேட்டில் உள்ள ஊற்றிலிருந்து நேரே பைப் போட்டிருப்பவர்கள் எதிர்ப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். 100 மீட்டர் உயரத்திலிருந்து வரும் பைப்பில் 10 பார் இருக்கும். பல மெஷின்களின் உள்வாங்கும் எல்லையே ஏறக்குறைய அதுதான். நடுவில் ஒரு தொட்டி வைத்து அதிலிருந்து எடுங்கள். ஊற்று நீரில் நுண்மணல் வரும். முன் ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

அடுத்தது கரண்ட். 1,700 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்ன பிளக்கில் சொருகக் கூடாது. கீசர் போடும் பவர் பிளக்தான் வேண்டும். அந்த லைனில் எர்த் சரியாக இருக்க வேண்டும்; 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறோம். கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டிப்பது அதுதான். பழைய வீடுகளில் இது இல்லை என்றால், மெஷினுக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். படி தூரத்தில் இருந்தால் ஒயரை நீட்டாதீர்கள், தண்ணீர் ஓஸை நீட்டுங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் பகுதி என்றால் பகலில் ஓட்டுங்கள். குறைந்த வோல்டேஜில் இண்டக்‌ஷன் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும்.

எதன்மேல் அடிக்கக் கூடாது

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் கல் பங்களா கட்டிய காலத்திலிருந்து சிமென்ட் பரவலாக வரும் வரை, மலையின் பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. அப்படி ஒரு வீட்டின் பின்சுவரில் ஒருவர் மெஷினை வைத்துப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். இரண்டு விநாடிதான். பாசியோடு சுண்ணாம்புப் பூச்சும் உள்ளங்கை அளவுக்கு உரிந்தது. செங்கல் இடுக்கிலிருந்து சாந்து ஈரமாவு போல வழிந்தது. நூறு வருடத்துக்கு மேல் மழையைத் தாங்கிய சுவர் அது. உங்கள் சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அதற்கு மெஷின் வேண்டாம். மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் ஒருபோதும் அடிக்காதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலும் கார் ஷெட்டுகளிலும் இந்தக் கூரை இன்னும் நிறைய இருக்கிறது. அழுத்த நீர் அதன் மேற்பரப்பை அரித்து நார்களை வெளியே விடும். ஈரம் காய்ந்ததும் அவை காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். அதனால் வரும் நோய் பல வருடம் கழித்துத் தெரியும், புற்றுநோய் உட்பட. மங்களூர் ஓட்டுக் கூரையில் கீழிருந்து மேலாக அடித்தால் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறும். மண் சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவரில் கல் இடுக்குச் சாந்தைப் பெயர்க்காதீர்கள். அதன் நீர்வடி துளைகளை மட்டும் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். மின்சார மீட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

விளையாட்டுக்குக்கூட யார் மேலும் திருப்பாதீர்கள். தோலுக்குள் துளைத்த தண்ணீர் வெளியே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். உள்ளே தசையைக் கிழித்து அழுக்கைச் செலுத்தியிருக்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூட்ஸும் கண்ணாடியும் இல்லாமல் மெஷினை எடுக்காதீர்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். மலையில் அது கீழ் வீட்டு வாசலுக்கோ ஓடைக்கோதான் போகும். குன்னூர் ஆற்றில் இறங்குவது கடைசியில் பவானியில் சேர்கிறது. அதைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள். வண்டியின் ஆயிலையும் சோப்பையும் ஓடையில் விடாதீர்கள்.

என் தீர்ப்பு

மலையில் ஒரு சாதாரண வீட்டுக்கு 100 முதல் 110 பார் இயங்கு அழுத்தம், நிமிடத்துக்கு 6 லிட்டர், 1,400 முதல் 1,700 வாட், உறிஞ்சும் வசதி, 8 மீட்டர் ஓஸ் போதும். விசிறி நாசில் அவசியம். ஒற்றைக் கோடாக அடிக்கும் நாசிலை உள்ளேயே வைத்துவிடுங்கள். படிக்கும் முற்றத்துக்கும் வட்டத் தட்டு போன்ற தரை கழுவும் இணைப்பு கிடைத்தால் வாங்குங்கள். சேறு தெறிக்காது, கோடு விழாது. சீல், கார்பன் பிரஷ் எங்கே கிடைக்கும், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் மலை இறங்கிக் கோவைக்குத் தூக்கிப் போக வேண்டுமென்றால், விலையில் மிச்சம் பிடித்தது பெட்ரோலில் போய்விடும். ஒரு சந்தில் நாலு வீடு சேர்ந்து ஒரே நல்ல மெஷினாக வாங்கினால் இன்னும் மேல்.

பாசி எந்த மெஷினுக்கும் நிரந்தரமாகப் போகாது. படிமேல் சொட்டும் கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, நிழல் கட்டும் கிளையை வெட்டிவிட்டால்தான் திரும்பி வருவது தாமதமாகும். எங்கள் வீட்டில் முதலில் அதைத்தான் செய்தோம்.

கடைக்குப் போகும் முன் மூன்று வேலை செய்யுங்கள்: குழாயடியில் வாளியை வையுங்கள், பிளக் பாயின்ட்டை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். அதற்குப் பிறகு பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்.